எபகோயி அடுப்பும் மூன்று சாவுகளும்

என் அண்ணன் ஸ்டெர்யோஸ் எதைப் பற்றிப் பேசினாலும் மூன்று உதாரணம் சொல்லாமல் விடமாட்டான். அன்றைக்கும் மூன்று சொன்னான். மூன்றும் சாவு.

"மீன் பொரிக்கிற தனாசிஸ், பேஸ்மேக்கர் வச்சாங்க, செத்தான். பேக்கரி ப்ரோத்ரோமோஸ், வச்சாங்க, செத்தான். துறைமுகத்துல ஓட்டல் நடத்தினானே லாசரோஸ், அவனும் செத்தான். மூணு பேரும் அடுப்படியே கதின்னு கெடந்தவனுங்க. இதுக்கு மேல உனக்கு என்ன அத்தாட்சி வேணும் ஹரிக்லியா?"

இதை அவன் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் சுட்ட கீரைப் பணியாரத்தை மென்றுகொண்டே, என் கணவனுக்கு முன்னால் சொன்னான். அர்கிரிஸின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. தையல்கூடப் பிரித்திருக்கவில்லை.

அர்கிரிஸுக்குச் சமையல் தவிர வேறு வேலை தெரியாது. கவாலாவில் மீன் சந்தைக்குப் பின்னால் பன்னிரண்டு மேஜை போட்ட சாப்பாட்டுக் கடை. மதியச் சாப்பாடு மட்டும். முப்பத்தொரு வருஷமாக நடத்துகிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மாத வெக்கையில் அடுப்பு முன்னால் இரண்டு தடவை மயங்கி விழுந்தான். நெருப்புச் சூடுதான் காரணம் என்று நான் முடிவு கட்டி, காஸ் அடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லிச் சண்டை பிடித்து, ஐந்து இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க வைத்தேன். எங்கள் கிரேக்க பாஷையில் எபகோயி அடுப்பு. மயக்கத்துக்குக் காரணம் நெருப்பு இல்லை, இதயம் என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. பழைய கல் கட்டடம் என்பதால் மறுபடியும் காஸ் வைக்கத் தீயணைப்புத் துறை அனுமதி தராது. ஆக, திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த அடுப்பைக் கடைக்குள் கொண்டுவந்தவள் நான்தான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை ஸ்டெர்யோஸ் விரித்து வைத்து, விரலால் தடவித் தடவிப் படித்தான். எபகோயி அடுப்புக்கு அறுபது செண்டிமீட்டருக்குள் போகக் கூடாது என்று முதல் வரியிலேயே இருந்தது.

"எபகோயின்னா என்ன? கொண்டுவர்றது. எதைக் கொண்டுவரும்? கரண்டைக் கொண்டுவரும். எங்க கொண்டுவரும்? நெஞ்சுக்குள்ள. அதான் பேர்லயே சொல்லியிருக்கே! டாக்டர் எதுக்கு, வாத்தியார் எதுக்கு?"

எங்கள் ஜனங்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. உலகத்தில் யார் எந்த யந்திரத்தைக் கண்டுபிடித்தாலும் அதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். பெயர் நம்முடையது என்றால் யந்திரமும் நமக்குத் தெரிந்ததுதான் என்று நினைப்பு. காபிக்கடையில் உட்கார்ந்து ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்துவிட்டால் போதும், பிளந்தவன் பொறியாளன்.

நான் உயர்நிலைப் பள்ளியில் பழைய கிரேக்கமும் தர்க்கமும் நடத்துகிறவள். அந்தச் சொல்லை நான் இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அந்தச் சொல்லுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வயசு. கரண்டு நேத்து வந்தது" என்றேன். ஒன்றை நோக்கி நடத்திக்கொண்டு போவது, அவ்வளவுதான் அதன் பழைய பொருள். கூட்டாளிப் படையை ஊருக்குள் நடத்தி வந்தாலும் அதே சொல். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவன் வீட்டுக்குப் பேயை ஏவிவிடும் மந்திரவாதியின் வேலைக்கும் அதே சொல். அப்புறம் தர்க்கக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்: ஒவ்வொரு விஷயமாக, சாட்சியைக் கூட்டி வருவதுபோல, முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, கடைசியில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பொது விதிக்குப் போய்ச் சேருவது. ரோமாபுரிக்காரர்கள் அதை அப்படியே தங்கள் பாஷையில் பெயர்த்துக்கொண்டார்கள்; இண்டக்‌ஷன் என்கிற பெயர் அதிலிருந்து வந்ததுதான். வெகுகாலம் கழித்து, ஒரு கம்பியில் ஓட்டம் மாறினால் தொடாமலே பக்கத்துக் கம்பியிலும் ஓட்டம் எழுகிறது என்று கண்டுபிடித்தபோது அந்த ரோமப் பெயரை அதற்கு வைத்தார்கள். எங்கள் பேராசிரியர்கள் மூலச் சொல்லைத் தூசு தட்டித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுப்பு தொடாமலே பானையின் அடியில் மின்னோட்டத்தை எழுப்புகிறது, பானை சுடுகிறது. நெஞ்சு என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை.

"ஆரம்பிச்சிட்டாய்யா டீச்சர்" என்று ஸ்டெர்யோஸ் அர்கிரிஸைப் பார்த்துக் கண்ணடித்தான். "மாப்ள, உனக்குப் பாடம் வேணுமா, உசிரு வேணுமா?"

"உசிருதான் மச்சான்" என்றான் அர்கிரிஸ், ரொம்ப மரியாதையாக. சமையற்கட்டில் அவன் மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து எல்லாரிடமும் அப்படித்தான் பேசினான், என்னிடமும்.

அடுத்த வாரமே கடையை போட்டிஸுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டான். போட்டிஸ் காகிதக் கோப்பையில் காபி விற்கிறவன், ஏற்கெனவே நாலு கடை வைத்திருக்கிறான். நவம்பர் கடைசித் திங்கட்கிழமை கையெழுத்து. நான் தடுக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லின் பிறப்பு வளர்ப்பு அத்தனையும் தெரிந்தவள்தான். ஆனாலும் அந்த மூன்று சாவும் எனக்குள்ளும் புகுந்துவிட்டது. தனாசிஸ், ப்ரோத்ரோமோஸ், லாசரோஸ் என்று பாத்திரம் கழுவும்போதுகூட ஓடிக்கொண்டே இருந்தது.

கையெழுத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி தர்க்கத்து எபகோயி பற்றித்தான். ஒரு பயல் மூன்று உதாரணத்தை அடுக்கிவிட்டு, "ஆகவே எல்லாமும் அப்படியே" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. "இந்த மூன்றையும் நீ சரிபார்த்தாயா?" என்று சிவப்பு மையில் எழுதினேன். எழுதிய பேனா அங்கேயே நின்றுவிட்டது. அடி முட்டாளே ஹரிக்லியா, நீ சரிபார்த்தாயா?

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் தனாசிஸ் வீடு. அவர் விதவை என்னை உட்கார வைத்து, சீமைமாதுளை இனிப்பு கொடுத்தாள்.

"பேஸ்மேக்கர் வச்சு எத்தனை நாள்ல போனாரு?"

"நாளா? எட்டு வருஷம் இருந்தாரும்மா. பேத்தி கல்யாணத்துல மேஜை மேல ஏறி ஆடுனாரு. தொண்ணூத்தோரு வயசு. அதுக்கு மேல அந்த மனுஷன் இருந்தா நான்ல போயிருப்பேன்!"

பேக்கரியில் ப்ரோத்ரோமோஸின் மகன் மாவுக் கையோடு வந்தான். அப்பா செத்தது க்ஸான்தி சாலை வளைவில், மோட்டார் சைக்கிளில், ஹெல்மெட் இல்லாமல். "பேஸ்மேக்கருக்கு ஒண்ணும் ஆகலை டீச்சர். அது மட்டும் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சாம்" என்றான், பாவம்.

லாசரோஸின் தங்கை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்று, "உங்கண்ணன் எப்படி இறந்தாரு?" என்று கேட்டதுதான் தாமதம், ஒரு போர்வை அப்படியே என் தலைமேல் விழுந்தது.

"ஐயோ மாதாவே! எப்போ? நேத்துதானே ஸ்டுட்கார்ட்லேர்ந்து போன்ல என்னைத் திட்டினான்!"

அவள் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு, ஜெர்மனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் உறுமுகிற சத்தம் கேட்டதும் அழுதாள். பிறகு போனை என்னிடம் தள்ளினாள்.

"யாரு என்னைக் கொன்னது?" என்றார் லாசரோஸ்.

"எங்கண்ணன் ஸ்டெர்யோஸ்."

"அந்தத் தடியனா? நான் கடையை மூடிட்டு ஊரை விட்டுப் போனதும் என்னைப் புதைச்சுட்டானா? மக இங்க கூப்பிட்டா, வந்துட்டேன். உன் புருஷன் விஷயமா கேக்குறியா? எனக்கு அடுப்புப் பத்தித் தெரியாதும்மா, நான் கல்லாவுலதான் உக்காந்திருந்தேன். ஆனா எனக்கு வச்ச அன்னைக்கே ஒரு கன்னியாஸ்திரீ சிஸ்டருக்கும் வச்சாங்க. மக்ரினான்னு பேரு. செரெஸுக்கு மேல மலைமடத்துல சமையல் அந்தம்மாதான். அங்க எல்லாம் நீ சொல்ற அந்த அடுப்புதான். இன்னைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை எனக்கு அத்தி ஜாம் அனுப்புது, போய்க் கேளு."

தெருவில் நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. மூன்று சாவில் ஒன்று கிழம், ஒன்று விபத்து, ஒன்று உயிரோடு என் அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்கிறது. பல வாரமாக என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் செரெஸ் போனேன், அங்கிருந்து டாக்ஸி. மடத்துக் கோழிகள்தான் வாசலில் வரவேற்றன. சிஸ்டர் மக்ரினாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு இருக்கும். கறுப்பு அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, பெரிய பானையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். தரையில் அடுப்பு நீளத்துக்கும் ஒரு நீல டேப் ஒட்டியிருந்தது. அவர் கால் அதைத் தாண்டவில்லை. கையிலிருந்த கரண்டி படகுத் துடுப்பு நீளம்.

"ஒன்பது வருஷம் ஆச்சு டீச்சர். நாப்பது பேருக்குச் சமைக்கிறேன், பெருநாள்னா நானூறு. மடத்துத் தலைவியம்மா மட்டும், நான் உப்பு போட மறந்தா என் பேட்டரிமேல பழி போடுவாங்க."

"பயமா இல்லையா சிஸ்டர்?"

"மொத வாரம் இருந்துச்சு. ஜெபம் பண்ணேன். ஜெபத்தை முடிச்சிட்டு டெக்னீஷியனுக்குப் போன் பண்ணேன்." அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "தாள் கொண்டாந்திருக்கீங்களா? காட்டுங்க."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெர்யோஸ் மடித்த மடிப்பிலேயே இருந்தது. சிஸ்டர் அதைப் பிரித்து, கீழ்ப் பாதியை என் பக்கம் திருப்பினார். எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத கீழ்ப் பாதி. தொழிலுக்காக இத்தகைய அடுப்புகளைப் பயன்படுத்துவோர் எங்கள் பிரிவைத் தொடர்பு கொள்ளவும், பணியிடத்திலேயே வந்து அளந்து சொல்லப்படும் என்று எழுதி, ஒரு போன் நம்பரும் போட்டிருந்தது.

"பசங்ககிட்ட கேள்வித்தாளை முழுசாப் படின்னு சொல்வீங்கல்ல டீச்சர்?"

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டதில்லை.

"ஆனா சிஸ்டர், நீங்க நல்லா இருக்கீங்கங்கறதால அவனும் நல்லா இருப்பான்னு சொல்லிட முடியாதே" என்றேன். அதுதான் மிச்சமிருந்த பயம். அவர் ஒருவர் போதும், எல்லாரும் சாவார்கள் என்ற அண்ணனின் விதியை உடைப்பதற்கு. ஆனால் யாரும் சாகமாட்டார்கள் என்று புது விதி எழுத அவர் ஒருவர் போதாது.

"சரியாப் போச்சு. அதனாலதான் அவரை அளக்கணும், என்னை இல்ல" என்று சிரித்துவிட்டு, அத்தி ஜாம் ஒரு பாட்டில் கையில் திணித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அர்கிரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். லாசரோஸ் கதையைக் கேட்டுக்கூட அவன் சிரிக்கவில்லை. தாளின் கீழ்ப் பாதியை இரண்டு தடவை படித்தான். "சரி, வரட்டும்" என்றான். அவ்வளவுதான். இவன் மனதளவில் எப்போதோ கடையைப் பூட்டிவிட்டான் என்று எனக்குப் பட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் டெக்னீஷியனால் வர முடிந்தது. போட்டிஸ் கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலை.

இஸ்மினி என்று பெயர், தெஸ்ஸலோனிக்கியிலிருந்து சின்னப் பெட்டியோடு வந்தாள். பானையில்லாமல் அந்த அடுப்பு வேலை செய்யாது, அதனால் ஐந்து பெரிய பானையையும் நிரப்பித் தயாராக வைக்கும்படி போனிலேயே சொல்லியிருந்தாள். அர்கிரிஸ் ஆறு மணிக்கே கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஏற்றி மூடி போட்டு வைத்திருந்தான். ஸ்டெர்யோஸும் வந்துவிட்டான். கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக நின்றான்.

இஸ்மினி அர்கிரிஸின் சட்டையைத் திறந்து, நெஞ்சின்மேல் ஒரு வட்டத் தகட்டை வைத்தாள். பெட்டியின் திரையில் கோடு ஏறி ஏறி இறங்கியது. ஐந்து அடுப்பையும் முழு வேகத்தில் போட்டாள். அடுப்புக்குள்ளிருந்த மின்விசிறிகள் உறுமின.

"ரெண்டு அடி தள்ளி நில்லுங்க அர்கிரிஸ் சார். பேசாம நில்லுங்க... நல்லாருக்கு. இப்போ கிளறுற மாதிரி மூடிக்கு மேல கையை நீட்டுங்க. நல்லாருக்கு. ஒரு அடி முன்னால வாங்க."

எனக்குக் கோட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அது ஒரு தடவை தப்பினாலும் நான் செத்திருப்பேன், எனக்குப் பேஸ்மேக்கரே தேவைப்படாது. தப்பவில்லை. சின்னப் பிள்ளை படி ஏறுவது மாதிரி ஒவ்வொன்றாக நிதானமாக ஏறிக்கொண்டே போனது.

"இன்னும் கிட்ட... இன்னும்... குனிங்க." நெஞ்சு பானை விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது கோட்டில் பூச்சி ஓடுகிறாற்போல் ஒரு சின்ன நடுக்கம். இஸ்மினி உடனே அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நடுக்கம் போய்விட்டது.

"அவ்வளவுதான் சார். இதைவிடக் கிட்டப் போகணும்னா நீங்க பானைக்குள்ளதான் இறங்கணும். சாதாரணமா நிக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. ஆனாலும் அறுபது செண்டிமீட்டர்ல ஒரு கோடு போட்டுக்கங்க, கரண்டியை நீளமா வாங்கிக்கங்க, மேல குனிஞ்சு மோந்து பாக்காதீங்க. வருஷத்துக்கு ஒருதடவை செக்கப். நான் எழுதித் தர்றேன், தாராளமா சமைங்க."

அர்கிரிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டான். முதல் தடவை தப்பாகப் போட்டு, கழற்றி மறுபடியும் போட்டான்.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றபடி ஸ்டெர்யோஸ் கதவிலிருந்து உள்ளே நகர்ந்தான்.

"என்ன சொன்ன? வாயைத் திறந்தா மூணு பேரைக் கொல்லுவியேடா நீ! உன்னால நான் மாசக்கணக்கா என் கடை வாசல் பக்கமே போகாம இருந்தேன்! போ, போய் வெளிய நாற்காலியை எறக்கிப் போடு, எதுக்காவது உபயோகமா இரு!"

அர்கிரிஸ் போட்ட சத்தம் சந்தை முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணன் நாற்காலி இறக்கப் போனான். இஸ்மினி பெட்டியை மூடிக்கொண்டே சிரித்தாள்.

எதற்கு நாற்காலி என்று அந்த அமளியில் எனக்கு உறைக்கவில்லை. பானைகளில் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டிவிடலாம் என்று போய் முதல் மூடியைத் தூக்கினேன்.

தண்ணீர் இல்லை. வெள்ளை மொச்சை, கேரட்டும் செலரியும் போட்டுத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த பானையில் கொண்டைக்கடலை. அடுத்ததில் தக்காளிக் குழம்பில் மாட்டிறைச்சி. அடுத்ததில் கீரைச் சோறு, கடைசியில் கணவாயும் உருளைக்கிழங்கும். அறுபது பேர் சாப்பிடலாம். அத்தனை வாசனையும் இரண்டு மணி நேரமாக அந்த அறையில்தான் இருந்திருக்கிறது. பயத்தில் என் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

மொச்சையை ஊறப்போடாமல் வேகவைக்க முடியாது.

"எப்ப ஊறப்போட்ட?"

"நேத்து சாயங்காலம்."

"அந்தப் பொண்ணு கூடாதுன்னு சொல்லியிருந்தா?"

அவன் புகைபோக்கி விசிறியின் வேகத்தைக் குறைத்தான். "அப்பவும் சமைச்சாச்சே. கடைசியா ஒருதடவை எல்லாருக்கும் போட்டுட்டு, திங்கக்கிழமை சாவியைக் குடுத்திருப்பேன்."

உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கடை போகுமோ என்றுதான் இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்தேன். அவனோ, போனாலும் வந்தவர்கள் பசியாறிப் போகட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, என்னிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறான்.

"அழு, வேணாம்னு சொல்லல" என்றான் அர்கிரிஸ். "ஆனா மணி பன்னெண்டு. வாசல்ல ஆள் நிக்குது. ரொட்டியை யாரு நறுக்குறது, உங்கண்ணனா?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து கத்தியைத் தேடினேன்.